பாஸ்டன் கென்னடி நிலையம்: செனட்டர் இறந்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்ற இடம்

பாஸ்டனுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப்போக ஹார்வர்டு, எம்ஐடி, துறைமுகப் படகு என்று ஒரு பட்டியல் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதில் கொலம்பியா பாயின்டில் இருக்கும் எட்வர்ட் எம். கென்னடி நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஜான் எஃப். கென்னடி நூலகத்துக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கண்டிப்பாகப் போகவேண்டிய இடம் இது.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பு. மாசசூசெட்ஸில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் எட்டாம் வகுப்பில் ஒரு குடிமைத் திட்டப்பணி செய்தாக வேண்டும். 2018-ல் வந்த சட்டம். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: "பதவியில் இருக்கும்போதே செனட்டர் செத்துப்போனா, அந்த இடத்துக்கு யாரும்மா வருவாங்க?" நானும் கணவரும் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது செனட்டர்கள் எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதெல்லாம் மனப்பாடம். 100 பேர், 6 ஆண்டு. நடுவில் ஒருவர் போய்விட்டால் என்ன என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. அவள் கேட்ட பிறகு நானும் விடாமல் படித்தேன். படித்ததைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறதா என்று தேடியபோதுதான் இந்த நிலையத்துக்குக் கிளம்பினோம்.

2015 மார்ச் இறுதியில் அதிபர் ஒபாமா வந்து திறந்துவைத்த கட்டடம். கட்டடக் கலைஞர் ரஃபேல் வின்யோலி. வெளியே பார்த்தால் வெள்ளையாக, அலங்காரமே இல்லாமல் நிற்கும். உள்ளே போனால் நடுவில் அமெரிக்க செனட் அவையை அதே அளவில் அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் அசல் அவைக்கு நாங்கள் போயிருக்கிறோம். அங்கே பார்வையாளர்கள் மேல்மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்க்கலாம், அவ்வளவுதான். போனைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். இங்கே கீழே இறங்கி மேசைகளுக்கு நடுவே நடக்கலாம். அரைவட்டமாக வரிசை வரிசையாக மேசைகள், எதிரே தலைமை வகிப்பவரின் உயரமான மேடை. தொலைக்காட்சியில் பெரிதாகத் தெரியும் அந்த அவை நேரில் எவ்வளவு நெருக்கமானது என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும். பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டால் முன்வரிசைக்குக் கேட்கும் போலிருக்கிறது. 100 பேரில் ஒருவர் இல்லையென்றால் அந்த மேசை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கும்.

அசல் அவையில் ஒரு வழக்கம் உண்டு. பதவியில் இருக்கும் செனட்டர் இறந்தால் அவருடைய மேசைமேல் கறுப்புத் துணி போர்த்தி, வெள்ளை ரோஜாக்கள் வைப்பார்கள். 2018-ல் ஜான் மெக்கெய்ன் மேசை, 2023-ல் டயான் ஃபைன்ஸ்டைன் மேசை எல்லாம் அப்படித்தான் இருந்தன. 2009-ல் கோடை விடுமுறை முடிந்து அவை கூடியபோது டெட் கென்னடியின் மேசையும் அப்படி இருந்தது; இந்த நிலையத்தின் பெயரில் இருக்கும் எட்வர்ட் கென்னடியைத்தான் டெட் என்பார்கள். இதை மகளிடம் சொன்னேன். "பூ எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டாள். பூ எத்தனை நாளோ, அந்த இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் ஃபைன்ஸ்டைன் செப்டம்பர் கடைசியில் இறந்தார். ஆளுநர் நியூசம் நியமித்த லஃபான்சா பட்லர் அக்டோபர் 3-ம் தேதியே பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேறு மாநிலமாக இருந்தால் மாதக்கணக்கில் காலியாகவே இருந்திருக்கலாம்.

ஏன் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது என்றால், 1913-ல் வந்த 17-வது அரசியல் சாசனத் திருத்தம். அதற்கு முன்னால் செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. மக்களுக்கு ஓட்டைக் கொடுத்த அதே திருத்தம் காலியிடம் பற்றியும் பேசுகிறது. இடம் காலியானால் ஆளுநர் தேர்தலுக்கு உத்தரவிட வேண்டும். அந்தத் தேர்தல்வரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை, சட்டமன்றம் விரும்பினால், ஆளுநருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் சட்டமன்றத்தின் கையில். தேர்தல் எப்போது என்பதும் அவர்கள் கையில். பெரும்பாலான மாநிலங்கள் கொடுத்திருக்கின்றன. ஆரிகன், விஸ்கான்சின், வடக்கு டகோட்டா, ரோட் ஐலண்ட் போன்றவை கொடுக்கவில்லை. அங்கே மக்கள் ஓட்டுப்போடும்வரை நாற்காலி காலிதான். 2024-ல் கென்டக்கியும் அந்தப் பக்கம் போய்விட்டது. பிரதிநிதிகள் சபையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: ஒரு உறுப்பினர் இறந்தால் எந்த மாநிலமாக இருந்தாலும் இடைத்தேர்தல் மட்டுமே.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பேசிப் பழகியவர் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. மகள் தன் கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லாமல் அவளையே திருப்பிக் கேட்டார்: "நீ ஆளுநர். செனட்டர் இறந்துவிட்டார். யாரைப் போடுவாய்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இறந்தவர் கட்சியிலிருந்தே ஒருத்தர்" என்றாள். "ஏன், மக்கள் கட்சிக்கா ஓட்டுப் போட்டார்கள், அந்த ஆளுக்கா?" என்றார் அவர். அவள் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.

அவள் சொன்னதைச் சட்டமாகவே வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. 2007 ஜூனில் வயோமிங் செனட்டர் கிரெய்க் தாமஸ் இறந்தார்; அவர் குடியரசுக் கட்சி. ஆளுநர் டேவ் ஃப்ராய்டென்தால் ஜனநாயகக் கட்சி. ஆனால் சட்டப்படி தாமஸின் கட்சிக் குழு கொடுக்கும் மூன்று பெயர்களில் ஒன்றைத்தான் ஆளுநர் எடுக்க முடியும். அவர் ஜான் பராசோவை எடுத்தார். பராசோ இன்னும் செனட்டில் இருக்கிறார். ஹவாயிலும் மூன்று பெயர் முறைதான். 2012 டிசம்பரில் டேனியல் இனோவே இறப்பதற்குமுன் தன் இடத்துக்கு காலீன் ஹனபூசாவைப் போடும்படி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகள் அந்தத் தீவுகளுக்காக உழைத்த மனிதரின் கடைசி விருப்பம். கட்சி கொடுத்த மூன்று பெயர்களில் ஹனபூசாவும் இருந்தார். ஆனாலும் ஆளுநர் ஆபர்க்ராம்பி, துணை ஆளுநராக இருந்த பிரையன் ஷாட்ஸைத்தான் நியமித்தார். 2014-ல் இருவரும் கட்சிக்குள்ளேயே மோதினார்கள். ஷாட்ஸ் மயிரிழையில் ஜெயித்தார். இறந்துபோகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நாற்காலியை உயில் எழுதிவைக்க முடியாது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

அவையிலிருந்து பக்கத்து அறைக்குப் போனால் டெட் கென்னடியின் வாஷிங்டன் அலுவலகம். ரஸல் கட்டடத்தில் அவர் இருந்த அறையை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். சுவர் நிறைய குடும்பப் படங்கள், புத்தகங்கள், கணப்பு. அவசரப்படாமல் பாருங்கள். ஏனென்றால் காலியிடத்தின் கதை முழுக்க இந்த ஒரே மனிதரின் நாற்காலியில் இருக்கிறது, ஆரம்பத்திலும் முடிவிலும்.

அவர் அந்த நாற்காலிக்கு வந்ததே ஒரு காலியிடத்தால்தான். அண்ணன் ஜான் கென்னடி அதிபர் தேர்தலில் ஜெயித்து 1960 டிசம்பரில் செனட் பதவியை விட்டார். தம்பிக்கு அப்போது 28 வயது; செனட்டராக 30 ஆகவேண்டும் என்கிறது அரசியல் சாசனம். ஆளுநர் ஃபுர்கோலோ, ஜான் கென்னடியோடு ஹார்வர்டில் ஒரே அறையில் தங்கிப் படித்த பெஞ்சமின் ஸ்மித் என்பவரை அந்த இடத்தில் நியமித்தார். இரண்டு வருஷம் அவர் இருந்தார், 1962 நவம்பர் இடைத்தேர்தலில் நிற்கவில்லை. அதற்குள் தம்பிக்கு 30 தாண்டிவிட்டது. நின்றார், ஜெயித்தார், இறக்கும்வரை சுமார் 47 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் ஸ்மித்தின் நியமனம். டெட் கென்னடி பின்னாளில் செய்த வேலைகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், ஒரு மாநிலத்தின் இரண்டு குரல்களில் ஒன்றை ஒரு குடும்பத்துக்காக இரண்டு வருஷம் ஒதுக்கிவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய பெயர் தாங்கிய கட்டடத்தில் நின்றுகொண்டே இதை மகளிடம் சொன்னேன்.

இனி முடிவு. 2004-ல் மாசசூசெட்ஸின் இன்னொரு செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றார். அவர் ஜெயித்தால் செனட் இடம் காலியாகும். நியமிக்கும் அதிகாரம் அன்றைய ஆளுநர் மிட் ராம்னியிடம், அவரோ குடியரசுக் கட்சி. சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி. உடனே சட்டத்தை மாற்றினார்கள்: ஆளுநருக்கு நியமன அதிகாரம் இல்லை, இடம் காலியானால் 145-லிருந்து 160 நாளுக்குள் இடைத்தேர்தல். கெர்ரி தோற்றார், சட்டம் நின்றது.

2009-ல் டெட் கென்னடிக்கு மூளைப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஆளுநர் இப்போது டெவால் பாட்ரிக், ஜனநாயகக் கட்சி. கென்னடி ஆளுநருக்கும் சட்டமன்றத்தின் இரு அவைத் தலைவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். இடைத்தேர்தல் இருக்கட்டும், ஆனால் அந்த ஐந்து மாதமும் மாநிலத்துக்கு ஒரு குரல் குறையக்கூடாது. இடைக்காலத்துக்கு ஒருவரை நியமியுங்கள், அவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது சாரம். கடிதம் வெளியே வந்த சில நாளில், ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். செப்டம்பரில் சட்டமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. வழக்கமாக ஒரு சட்டம் அமலுக்கு வர 90 நாள் ஆகும் என்பதால் ஆளுநர் அவசரக் கடிதம் இணைத்து உடனே அமலாக்கினார். குடியரசுக் கட்சியினர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி தடை கொடுக்கவில்லை. செப்டம்பர் 24 அன்று பால் கர்க் நியமிக்கப்பட்டார், கென்னடியிடம் வேலை பார்த்தவர். மறுநாள் பதவிப் பிரமாணம்.

அந்த ஒரு நியமனத்தின் எடை என்னவென்று பாருங்கள். செனட்டில் விவாதத்தை முடித்துப் பெரிய மசோதாக்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 ஓட்டு வேண்டும். கென்னடி வாழ்நாள் முழுக்கப் பேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் டிசம்பர் 21 அதிகாலை ஒரு மணிக்கு அவையில் வந்தது. 60-க்கு 40. அறுபதில் ஒன்று கர்க்குடையது. அப்புறம் 2010 ஜனவரி 19 அன்று, கென்னடி இறந்து 147-வது நாள், இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று எல்லோரும் நினைத்த மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்தார்.

எந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப் போடுகிறேன் என்பது இங்கே தேவையில்லை. ஒரே கட்சி சுமார் ஐந்து வருஷ இடைவெளியில் ஆளுநர் யார் என்று பார்த்து விதியை இரண்டு முறை மாற்றியது தப்பு. ஆள் இறக்குமுன், யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் எழுதவேண்டிய விதி அது. ஆனால் அந்த இழுபறியில் கடைசியாக வந்து நின்ற முறை, நான் படித்த மாநிலச் சட்டங்களிலேயே நல்லவற்றில் ஒன்று. குரல் உடனே கிடைக்கிறது. நியமிக்கப்பட்டவர் கொஞ்ச நாள்தான். ஐந்து மாதத்தில் முடிவு மக்களிடம் வந்துவிடுகிறது. 2013-ல் கெர்ரி வெளியுறவு அமைச்சராகப் போனபோதும் இதே வழிதான்: ஜனவரி 30-ல் மோ கவன் நியமனம், ஜூன் 25-ல் இடைத்தேர்தல், எட் மார்கி வெற்றி. கவன் தேர்தலில் நிற்கவில்லை. ஒன்றை மட்டும் மகள் கவனித்துக் கேட்டாள்: "நிக்கமாட்டேன்னு சொல்லிட்டு நின்னா என்ன பண்ணுவாங்க?" ஒன்றும் பண்ண முடியாது. அது வாக்குறுதிதான், சட்டம் இல்லை. செனட்டருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அரசியல் சாசனம் சொன்னதற்கு மேல் மாநிலங்கள் கூட்ட முடியாது.

அரிசோனாவோடு வைத்துப் பாருங்கள். மெக்கெய்னும் கென்னடியும் எதிரெதிர்க் கட்சி, நல்ல நண்பர்கள். இருவருக்கும் அதே மூளைப் புற்றுநோய், இருவரும் இறந்தது அதே ஆகஸ்ட் 25, ஒன்பது வருஷ இடைவெளியில். கென்னடியின் இடத்துக்கு மக்கள் 147 நாளில் ஓட்டுப் போட்டார்கள். மெக்கெய்னின் இடத்துக்கு 2020 நவம்பரில்தான். இரண்டு வருஷத்துக்கும் மேல்! அங்கே கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு 150 நாள் முன்னதாகவே இடம் காலியாகியிருந்தால்தான் அந்த ஆண்டே தேர்தல். மெக்கெய்ன் இறந்ததோ முதல்கட்டத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால். ஆளுநர் டியூசி முதலில் ஜான் கைலை நியமித்தார், அவர் அந்த வருஷக் கடைசியிலேயே விலகினார். அடுத்து மார்தா மெக்சாலியை நியமித்தார். அதே 2018 நவம்பரில் அரிசோனாவின் இன்னொரு செனட் இடத்துக்கு நின்று மக்கள் தோற்கடித்தவர் அவர். அவரே ஜனவரியில் செனட்டர் ஆனார். வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2020-ல் மார்க் கெல்லி அவரைத் தோற்கடித்தார். அரிசோனாவில் கட்சி மாறக்கூடாது என்ற விதி இருந்தது, அதைக் கடைப்பிடித்தார்கள். ஆனாலும் மக்கள் வேண்டாம் என்று சொன்ன ஆளிடம் அவர்களுடைய குரல் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சீக்கிரம் தேர்தல் வைத்தால் செலவு என்பார்கள். உண்மைதான். 2013 ஜூனில் நியூ ஜெர்சியின் ஃப்ராங்க் லாட்டன்பெர்க் இறந்தபோது ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அக்டோபர் 16, ஒரு புதன்கிழமையில் இடைத்தேர்தல் வைத்தார். வழக்கமான மாநிலத் தேர்தல் நவம்பர் 5. மூன்று வாரம் பொறுத்திருந்தால் ஒரே செலவில் முடிந்திருக்கும். முதல்கட்டத் தேர்தலும் சேர்த்துத் தனியாக நடத்த சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். நவம்பர் வாக்குச்சீட்டில் கிறிஸ்டியின் பெயரும் இருந்தது, அதனால்தான் பிரித்தார் என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது. அந்த மூன்று வாரப் பணம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் சீக்கிரம் ஓட்டு என்பதையே அதைக் காட்டி மறுப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

அவைக்குள் உட்கார்ந்திருந்தபோது மகளுக்கு நான் சொன்ன கதைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது, பிடித்த அளவுக்குச் சங்கடப்படுத்தியதும், ரெபெக்கா ஃபெல்டன் கதை. 1922-ல் ஜார்ஜியா செனட்டர் டாம் வாட்சன் இறந்தார். ஆளுநர் ஹார்ட்விக்குக்குத் தானே அந்த இடத்துக்கு நிற்க ஆசை. நியமிக்கப்படுகிறவர் போட்டிக்கு வரக்கூடாது, புதிதாக ஓட்டுரிமை பெற்ற பெண்களின் ஆதரவும் வேண்டும். 87 வயது ஃபெல்டனை நியமித்தார். தேர்தலில் ஹார்ட்விக் தோற்று வால்டர் ஜார்ஜ் ஜெயித்தார். ஜார்ஜ் பெருந்தன்மையாகக் கொஞ்சம் காத்திருக்க, ஃபெல்டன் நவம்பர் 21 அன்று பிரமாணம் எடுத்து ஒரே ஒரு நாள் செனட்டராக இருந்தார். அமெரிக்க செனட்டின் முதல் பெண். "சூப்பர்" என்றாள் மகள். ஃபெல்டன் அடிமைகளை வைத்திருந்தவர், நிறவெறியை மேடையில் முழங்கியவர் என்பதையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மக்கள் ஓட்டே இல்லாமல் திறந்த கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதை அவள் திட்டப்பணியில் தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்.

நம்மைப் போலக் குடியேறியவர்களுக்கு இதில் நேரடியாக ஒட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட் எங்காவது சிக்கிக்கொண்டால் செனட்டர் அலுவலகத்துக்குத்தான் எழுதுகிறோம். என் அம்மாவின் விசா விஷயமாக நானே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாக எடுத்து விசாரித்துச் சொன்னார். அந்தச் செனட்டர் திடீரென்று இறந்துவிட்டால் அந்தக் கோப்பு என்ன ஆகும்? இறந்தவரின் ஊழியர்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். செனட் செயலாளரின் மேற்பார்வையில் அதிகபட்சம் 60 நாள்வரை அவர்கள் இருந்து அலுவலகத்தை ஒழுங்காக மூடித்தர வேண்டும். ஆனால் அவைக்குள் ஓட்டுப் போடவோ பேசவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. புதிதாக வருபவர் இறந்தவரின் மிச்சப் பதவிக்காலத்துக்குத்தான் வருகிறார், 6 ஆண்டு புதிதாக ஆரம்பிக்காது. மூப்பு வரிசையிலும் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். கென்னடி 47 ஆண்டில் சேர்த்த செல்வாக்கு எதுவும் கர்க்குக்கு வரவில்லை, நாற்காலி மட்டும்தான் வந்தது.

நியமனக் கடிதம் எவ்வளவு கறாரான காகிதம் என்பதற்கு ஒரு சம்பவம். இது மரணத்தால் வந்த காலியிடம் இல்லை, இல்லினாய் செனட்டராக இருந்த ஒபாமா அதிபர் தேர்தலில் ஜெயித்ததால் வந்தது. இல்லினாய் ஆளுநர் பிளாகோயெவிச் அந்த இடத்தை விலைபேசினார் என்று 2008 டிசம்பரில் கைதானார். ஆனாலும் மாத இறுதியில் ரோலண்ட் பரிஸ் என்பவரை நியமித்தார். மாநிலச் செயலாளர் கையெழுத்துப் போட மறுக்க, அந்தக் கையெழுத்து இல்லை என்று செனட் செயலாளர் சான்றிதழைத் திருப்பிவிட்டார். ஜனவரியில் பரிஸ் வாஷிங்டன் வந்து அவைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுநர் ஒருவரின் கையில் மட்டும் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

சரி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரெட் லைனில் ஜேஎஃப்கே/யூமாஸ் நிறுத்தம். நாங்கள் குவின்சிப் பக்கம் என்பதால் வடக்கு குவின்சிக்கு அடுத்த நிறுத்தமே அதுதான். அங்கிருந்து இலவசப் பேருந்து ஓடுகிறது. குளிர்காலத்தில் நடக்க நினைக்காதீர்கள், கடற்காற்று காதை அறுக்கும். திறந்திருக்கும் நாள், நேரம், கட்டணம் எல்லாம் மாறலாம், கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குழுக்களுக்கு, பிள்ளைகளே செனட்டர்களாக உட்கார்ந்து மசோதாவை விவாதித்து ஓட்டுப் போடும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள், தனியாகப் போவதைவிட அது நல்லது. பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும், அவர்களை ஒருவர் வெளியே கடலோர நடைபாதைக்குக் கூட்டிப்போகலாம். தாத்தா பாட்டியைத் தாராளமாக அழைத்துப் போங்கள். என் மாமனார் அரைவட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார்.

போவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தில் காலியிட விதி என்ன என்று ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்களும் கனெக்டிகட்காரர்களும் இதே வழிகாட்டியிடம் வேறு வேறு கேள்வி கேட்பீர்கள், அவர் சலிக்காமல் பேசுவார். ஜான் கென்னடி நூலகத்தையும் அதே நாளில் பார்க்கலாம். இதை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு அங்கே போங்கள். அண்ணன் காலிசெய்துவிட்டுப் போன இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் அங்கே 1960-ஐப் பற்றி இருப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.